ஒருநாள் ஸ்டிரைக்கா, ஓட்டா? ஒரகடம் வாசகருக்குப் பதில்

கேள்வி: ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். நிரந்தரத் தொழிலாளி. சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து அடுத்த பொது வேலைநிறுத்தம் வந்தால் எங்கள் சங்கமும் இறங்கும் என்கிறார்கள். ஒருநாள் வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டு மறுநாள் எல்லோரும் ஷிப்டுக்குத் திரும்புகிறோம். சட்டம் அப்படியே இருக்கிறது, சம்பளம்தான் போகிறது. இதைவிட ஓட்டுப் போட்டு மாற்றுவதுதானே சரியான வழி? என் லைனில் இருக்கும் மூத்தவர், “ஓட்டுப் போட்டு நமக்கு என்ன கிடைத்தது?” என்று திருப்பிக் கேட்கிறார். எட்டு நாள் சம்பளம் பிடிப்போம் என்று எச்.ஆர். சொல்வது உண்மையா? அதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் என் சித்தப்பா மகனும் கலந்துகொள்ளலாமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். 2003 ஜூலையிலிருந்து 2004 மே வரை தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்த்தாலே போதும். நீங்கள் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள், மூத்தவருக்கு நினைவிருக்கும்.

ஓய்வூதியம், ஓய்வுபெறும்போது கிடைக்கும் பலன்கள் ஆகியவற்றில் மாநில அரசு கைவைத்ததை எதிர்த்து, 2003 ஜூலை 2 அன்று அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஸ்டிரைக் தொடங்குவதற்கு முன்பே தலைவர்கள் பலர் கைதானார்கள். ‘எஸ்மா’ என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் 2002இலேயே தயாராக இருந்தது. ஜூலை 4 அன்று ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, விசாரணை இல்லாமலே வேலையை விட்டு நீக்கும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. நீக்கப்பட்டவர்கள் 1,70,241 பேர். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை. நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி நடத்தை விதிகளை மீற மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தவர்கள்தான் திரும்ப வேலைக்குப் போனார்கள். கேட்ட கோரிக்கையில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. இதோடு கதையை நிறுத்தினால் நீங்கள் சொல்வதுதான் சரி.

பத்து மாதம் கழித்து, 2004 மே மாதம் மக்களவைத் தேர்தல். தமிழ்நாட்டில் 39 தொகுதிகளிலும் ஆளும் கட்சியின் கூட்டணி தோற்றது. அதற்கு ஸ்டிரைக் மட்டுமே காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதிரணியில் கட்சிகள் பெரிதாகக் கூடியிருந்தன. விவசாயிகளின் இலவச மின்சாரம், ரேஷன் அட்டைக் கட்டுப்பாடு என்று வேறு கோபங்களும் இருந்தன. ஆனால் தோல்வி வந்த அதே மாதத்தில் அரசு எதையெல்லாம் திரும்பப் பெற்றது என்று பாருங்கள். இலவச மின்சாரம் திரும்பி வந்தது. வேலைநிறுத்தம் செய்த ஊழியர்கள், ஆசிரியர்கள் மீதான நடவடிக்கைகள் ரத்தாயின. இத்தனைக்கும் ஆட்சி மாறவில்லை, முதலமைச்சரும் மாறவில்லை. சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. டெல்லிக்காகப் போட்ட ஓட்டைக் கோட்டையில் படித்துப் புரிந்துகொண்டார்கள்.

மூத்தவரின் கேள்விக்கும் அதே விவகாரத்தில் பதில் இருக்கிறது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு வந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், 2006, 2011, 2016, 2021 என்று நான்கு சட்டமன்றத் தேர்தல்களைத் தாண்டியும் அப்படியே நின்றது. ஆட்சி மாறி மாறி வந்தது, திட்டம் மாறவில்லை. 2017இலும் 2019இலும் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ ஸ்டிரைக் செய்தது. 2021இல் பழைய ஓய்வூதியம் தேர்தல் வாக்குறுதியாக ஏறியது, அதன்பிறகும் நாலரை வருடம் ஓடியது. 2026 ஜனவரி 6 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று தேதி குறித்தார்கள். சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன. ஜனவரி 3 அன்று, கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதிசெய்யும் புதிய ஓய்வூதியத் திட்டத்தை அரசு அறிவித்தது, ஸ்டிரைக்கும் கைவிடப்பட்டது. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, ஊழியரின் 10 சதவீதப் பிடித்தம் தொடர்கிறது. ஆனாலும் வெறும் ஓட்டாலோ வெறும் ஸ்டிரைக்காலோ இருபது வருடத்துக்கு மேல் நகராத ஒன்று, இரண்டு தேதிகளும் பக்கத்தில் வந்தபோது நகர்ந்தது.

தேர்தல் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை பெரிய எச்சரிக்கை. 1980 ஜூலையில் அங்கே மாதம் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டுப் பொது வேலைநிறுத்தம் நடந்தது. 168 இடங்களில் 140ஐக் கையில் வைத்திருந்த அரசு, ஏறத்தாழ 40,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. அடுத்த பொதுத் தேர்தலில் கணக்குத் தீர்க்கலாம் என்று நினைத்தவர்களுக்கு அந்தத் தேர்தலே வரவில்லை. 1982 டிசம்பரில் ஒரு சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, நாடாளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு வருடம் நீட்டிக்கொண்டார்கள். வேலை இழந்த பலருக்கு அந்த வருடங்கள் திரும்பவே இல்லை. ஸ்டிரைக்கைப் பற்றிப் பேசும் சங்கம், தேர்தல் நேரத்துக்கு நடக்கிறதா, வாக்காளர் பட்டியல் ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி உங்கள் ஸ்டிரைக்குக்கு வருவோம். சங்கக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து கேட்க வேண்டியது, “நாம் கேட்பதைக் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் எப்போது ஓட்டுக் கேட்டு வருவார்?” என்பதுதான். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அங்கே கேட்டதெல்லாம் நிர்வாகமும் சங்கப் பதிவாளரும் கொடுக்கக்கூடியவை. அதற்குத் தேர்தல் வரை காத்திருக்க அவசியம் இல்லை. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, ஆளும் கட்சியின் சொந்தத் தொழிற்சங்கமும் எதிர்த்தது, சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தன. மூன்றே நாளில், ஏப்ரல் 24 அன்று நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மக்களவைத் தேர்தலுக்கு ஒரு வருடம் இருந்தது, அதிகாரம் சென்னையில் இருந்தது, எதிர்த்தவர்கள் அதே கூட்டணிக்கு ஓட்டுச் சேர்ப்பவர்கள். ஸ்டிரைக் நடக்கவே இல்லை, அறிவிப்பே வேலையை முடித்துவிட்டது.

மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அப்படிப்பட்டவை இல்லை. நான்கையும் நீக்க நாடாளுமன்றத்தால்தான் முடியும். ஊதியத் தொகுப்பு 2019இலும் மற்ற மூன்றும் 2020 செப்டம்பரிலும் நிறைவேறின. 2020 நவம்பர் 26, 2022 மார்ச் 28, 29, 2025 ஜூலை 9 என்று அகில இந்திய வேலைநிறுத்தங்கள் நடந்தன. சட்டம் நீங்கவில்லை. ஆனால் ஐந்து வருடத்துக்கு மேல் அமலுக்கும் வரவில்லை. மாநிலங்கள் விதிகளை முடிக்காமல் இழுத்தது ஒரு காரணம், சங்கங்களின் எதிர்ப்பு இன்னொன்று. 2025 நவம்பர் 14 அன்று பீகார் தேர்தல் முடிவு வந்தது, நவம்பர் 21 அன்று நான்கும் அமலுக்கு வந்தன. ஒரே வாரம். உள்ளே என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரியாவிட்டாலும் இந்தத் தேதிகளைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

ஆகவே, ஒருநாள் ஸ்டிரைக் இந்தச் சட்டங்களை நீக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடுத்த மக்களவைத் தேர்தல் 2029இல்தான். ஆனால் உங்கள் ஆலைபோன்ற தனியார் ஆலைகளுக்கு மாநில அரசுதான் ‘உரிய அரசு’, விதிகளை எழுதுவதும் அதுதான். உதாரணமாக, 300 பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஆலையில் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது தொழில் உறவுகள் தொகுப்பு. முன்பு இது 100ஆக இருந்தது. அந்த 300ஐ இன்னும் உயர்த்த மாநில அரசுக்கு அறிவிக்கை அதிகாரமும் இருக்கிறது. ‘உயர்த்த மாட்டோம்’ என்று மாநில அரசிடம் எழுத்தில் வாங்குவது ஒரு நல்ல கோரிக்கை. கொடுக்க முடிந்தவரிடம் கேட்பது, சரிபார்க்கவும் எளிது. “நான்கு தொகுப்புகளையும் ரத்துசெய்” என்ற முழக்கத்தோடு இப்படிப்பட்ட இரண்டு மூன்று கோரிக்கைகளையும் சேர்த்தால்தான், ஒருநாள் ஸ்டிரைக்குக்குப் பிறகு கையில் ஏதாவது மிஞ்சும்.

சம்பளப் பிடித்தத்தைப் பற்றி எச்.ஆர். சொல்வதில் பாதி உண்மை. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை, அந்த ஒருநாள் கட்டாயம் போகும். எட்டு நாள் பிடித்தம் தானாக வருவது கிடையாது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிப் பேசி, முறையான முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், எட்டு நாள் சம்பளம்வரை பிடிக்கலாம் என்று ஊதியத் தொகுப்பின் 20ஆவது பிரிவு சொல்கிறது. பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலும் இதே விதி இருந்தது. மாதம் 20,800 ரூபாய், 26 நாள் கணக்கு என்று வைத்துக்கொண்டால் ஒருநாள் 800, எட்டு நாள் 6,400. வித்தியாசம் முழுக்க அந்த முன்னறிவிப்பில்தான் இருக்கிறது. அட்டெண்டன்ஸ் போனஸ் தனி. ஒருநாள் வராவிட்டாலே முழுதும் போகும் ஆலைகள் உண்டு, உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னறிவிப்பில்தான் பெரும்பாலான சங்கங்கள் வழுக்கி விழுகின்றன. “டெல்லியில் மத்தியச் சங்கங்கள் நோட்டீஸ் கொடுத்துவிட்டன, அது போதும்” என்று நினைக்கிறார்கள். போதாது. உங்கள் நிர்வாகத்துக்கு உங்கள் சங்கம் தனியாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தொழில் உறவுகள் தொகுப்பின் 62ஆவது பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழிய வேண்டும், 60 நாளுக்குள் ஸ்டிரைக் நடக்க வேண்டும். 20ஆம் தேதி ஸ்டிரைக் என்றால் 5ஆம் தேதிக்குள் நோட்டீஸ் நிர்வாகத்தின் கையில் இருக்க வேண்டும், நகலில் முத்திரையோடு ஒப்புதல் கையெழுத்தும் வேண்டும். வாங்க மறுத்தால் அன்றே பதிவுத் தபாலும் மின்னஞ்சலும். தொழிலாளர் துறைக்கும் ஒரு நகல். முன்பு இந்த 14 நாள் கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான். இப்போது எல்லா ஆலைக்கும் வந்துவிட்டது. பழைய பழக்கத்தில் நான்கு நாள் முன்னால் கடிதம் கொடுப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அடுத்தது சமரசப் பேச்சுவார்த்தை. நோட்டீஸ் கிடைத்ததும் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முதல் கூட்டத்தை நடத்திவிட்டால், அன்றிலிருந்து சமரசம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அது முடியும்வரையும், முடிந்து ஏழு நாள்வரையும் ஸ்டிரைக் செய்தால் அது சட்டவிரோதம். நோட்டீஸில் போட்ட தேதிக்கு முன்னால் கூட்டம் வைத்து, அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டாலே ஸ்டிரைக் தேதி தாண்டிவிடும். உங்கள் ஆலையில் ஊதிய உயர்வுப் பேச்சு ஏற்கெனவே சமரசத்தில் இருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள். பழைய தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவில், சமரச அலுவலர் முன்னிலையில் நிர்வாகமும் சங்கமும் போட்ட ஒப்பந்தம் நடப்பில் இருந்தால், அதில் அடங்கிய விஷயத்துக்காகவும் ஸ்டிரைக் செய்யக்கூடாது. சட்டத் தொகுப்பு எதிர்ப்பு அதில் வராது. ஆனால் பல ஒப்பந்தங்களில் ‘ஒப்பந்தக் காலத்தில் எவ்வித வேலைநிறுத்தமும் இல்லை’ என்று ஒரு ஷரத்து இருக்கும். அதைப் படிக்காமல் இறங்க வேண்டாம்.

“ஸ்டிரைக் என்று சொல்லாமல் எல்லோரும் லீவு போடுவோம்” என்ற யோசனை கட்டாயம் வரும். 50 சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் ஒரே நாளில் கூடிப் பேசித் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் ஸ்டிரைக்தான் என்று தொகுப்பு இப்போது வெளிப்படையாகவே வரையறுக்கிறது. சட்டவிரோத ஸ்டிரைக்குத் தண்டனை 1,000 முதல் 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது ஒரு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டியவருக்கு அபராதம் 10,000இலிருந்து 50,000வரை. நடைமுறையில் இதைவிடப் பெரிய ஆபத்து, மறுநாள் கேட்டில் நீட்டும் ‘நன்னடத்தை உறுதிமொழி’ப் படிவம். ‘சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டேன்’ என்று நீங்களே ஒப்புக்கொள்ளும் வாசகம் அதில் இருக்கலாம். சங்கத்திடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள், போனில் ஒரு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிரைக் அன்று உங்கள் உழைப்பை நீங்கள் நிறுத்தலாம், இன்னொருவரின் பஸ்ஸையோ கடையையோ நிறுத்த உங்களுக்கு உரிமை இல்லை. கட்டாய பந்த் அரசியலமைப்புக்கு விரோதம் என்று 1997இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2003இலும் இந்த வித்தியாசம் ஆட்களைப் பிரித்தது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தவர்கள் திரும்பியபோது, கைதானவர்களும் முதல் தகவல் அறிக்கையில் பெயர் வந்தவர்களும் வெளியிலேயே நிறுத்தப்பட்டார்கள். சாலை மறியலில் பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது பயத்தால் அல்ல. வேலை போன தொழிலாளியால் அடுத்த ஸ்டிரைக்கில் நிற்க முடியாது.

இப்போது ஓட்டு. உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது? விழுப்புரத்தில் என்றால், ஒரகடத்தில் உங்கள் சங்கம் ஆயிரம் பேரை ஸ்டிரைக்கில் இறக்கினாலும் அந்தத் தொகுதி வேட்பாளருக்கு நீங்கள் ஓர் ஓட்டுக்கூட இல்லை. ஸ்டிரைக்கின் பலம் வேலை செய்யும் இடத்தில் எண்ணப்படுகிறது, ஓட்டு குடியிருக்கும் இடத்தில் எண்ணப்படுகிறது. தொழிற்பேட்டைத் தொழிலாளர்களின் அரசியல் பலவீனத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. வெளியூர் அறைகளில் தங்கி வேலை செய்பவர்களின் பலம் பத்து மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர் 137 ஓட்டிலும், மொடக்குறிச்சி 281 ஓட்டிலும் முடிவானது. ஒரு ஆலையின் ஒரு ஷிப்டில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள்.

குடும்பத்தோடு ஒரகடம் பக்கமே நிரந்தரமாகக் குடியிருந்தால் படிவம் 8 கொடுத்துப் பெயரை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். பதிவுசெய்த வாடகை ஒப்பந்தமோ எரிவாயு இணைப்பு ரசீதோ முகவரிச் சான்றாகக் கொடுக்கலாம். புதிதாகச் சேர்ப்பவர்களுக்குப் படிவம் 6. வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பெயர் ஏறாது, ஆகவே தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாமல் போகலாம். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லாமல் போயின. இடம் மாறியவர்கள் அதில் கணிசம். ‘போன தடவை ஓட்டுப் போட்டேன்’ என்பதை நம்பி இருக்காமல் உங்கள் பெயரை இப்போதே தேடிப் பாருங்கள். ஸ்டிரைக் நிதி வசூலிக்கும் அதே மேசையில் படிவம் 6, 8 இரண்டையும் வைத்துக்கொண்டு ஒருவர் உட்காரலாம்.

வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை உங்கள் உரிமை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு தினக்கூலி, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்தே அதைத் தருகிறது. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய்தான் என்பதால் சிலர் அலட்சியம் செய்வார்கள். இரண்டு வாரம் முன்பே சங்கம் எழுத்தில் கேட்டு, முந்தைய இரவு ஷிப்டையும் மாற்றி வாங்கினால்தான் விழுப்புரம் போகிறவர் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். கோபத்தில் நோட்டாவை அழுத்துபவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளரே ஜெயித்தவர். அதைவிட, 300 என்ற வரம்பை உயர்த்த மாட்டோம் என்ற கோரிக்கையை எல்லா வேட்பாளர்களிடமும் கொடுத்து, யார் கையெழுத்துப் போட்டார், யார் போடவில்லை என்று கேட்டில் ஒட்டுங்கள்.

கடைசியாக உங்கள் சித்தப்பா மகன். அவருக்கு நான் வேறு பதில் சொல்கிறேன். நிரந்தரத் தொழிலாளியை நீக்க நிர்வாகம் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, விசாரணை நடத்த வேண்டும். ஒப்பந்தக்காரரோ “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று போனில் சொல்லிவிடுவார், அதை நிரூபிப்பதே பாடு. அவர் பெயர் உங்கள் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறதா, நோட்டீஸ் அவருடைய ஒப்பந்தக்காரருக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அவரைத் தனியாக இறக்காதீர்கள், வேலைக்குப் போகட்டும், அவரைக் கருங்காலி என்று யாரும் பேச விடாதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லோரும் சேர்ந்து இறங்குவதாக இருந்தால், அவர்களில் யாரை நீக்கினாலும் நிரந்தரத் தொழிலாளர்கள் என்ன செய்வார்கள் என்பதைச் சங்கத்தின் பொதுக்குழு முன்கூட்டியே தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும். எப்படியானாலும் அவருடைய சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். கணக்கு விவரம், கேட் பாஸ் ஆகியவற்றின் நகலை இந்த வாரமே எடுத்து வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். வேலை போனால் அந்த ஆலையில்தான் வேலை செய்தார் என்பதற்கு அவரிடம் இருக்கப்போகும் சான்று அவைதான்.